நூற்றுக்கு முப்பத்தாறு

அந்தோனிப்பிள்ளை மாமா சனிக்கிழமைகளில் பதுளைக்கு வந்தால் முதலில் எங்கள் கடைக்குத்தான் வருவார். பருப்பு, கருவாடு, ஒரு போத்தல் மண்ணெண்ணெய் என்று சாமான் கொஞ்சமாகத்தான் இருக்கும். வாப்பாவோடு பேச்சு அதிகம். குருவிமலைத் தோட்டத்து ஸ்டோரில் அவருக்கு வேலை. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். உலர்த்தும் அடுப்பின் முன்னால் இருபத்திரண்டு வருடம் நின்ற மனிதர். அவர் வந்து நின்றால் எங்கள் கடையின் கருவாட்டு வாடைக்கு மேலே தேயிலை மணக்கும்.

அவருடைய மகள் பிரான்சிஸ்காவும் நானும் பேராதனையில் ஒன்றாக இரசாயனம் படித்தோம். இரண்டு பேருமே வாய் திறக்கப் பயந்தவர்கள். ஆய்வுகூடத்தில் மற்றவர்கள் சோடி சேர்ந்த பிறகு மிஞ்சியது நாங்கள் இருவரும்தான். அப்படித்தான் சிநேகிதமானோம். படிப்பு முடிந்து நான் டவுனில் படிப்பித்தேன். அவள் தோட்டத்துக்குக் கிட்ட இருந்த பாடசாலையில் படிப்பித்தாள்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு அவள் எம்.எஸ்ஸி. படிக்க விண்ணப்பம் போட்டாள். அதற்கு ஒரு நுழைவுப் பரீட்சை இருந்தது. மூன்று மணித்தியாலம், நூறு புள்ளி. ஐம்பது எடுத்தால்தான் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். இந்த முறை லீவு தரலாம், அடுத்த வருடம் தருவதாகச் சொல்ல முடியாது என்று அதிபர் அவளிடம் சொல்லியிருந்தார். எனக்குப் பண்டாரவளையில் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. நான் விண்ணப்பிக்கவில்லை.

பழைய வினாத்தாள்களை அவள் வீட்டில் மணி பார்த்துச் செய்வாள். விடைகளை மாமாவிடம் கொடுத்தனுப்புவாள். நான் திருத்தி, உறையில் போட்டு ஒட்டி, அடுத்த சனிக்கிழமை மாமாவிடமே கொடுப்பேன். முதல் தாளுக்கு இருபத்தொன்பது. இரண்டாவதுக்கு முப்பத்தொன்று. மூன்றாவதுக்கு முப்பத்தாறு. அந்த மூன்றாவது சனிக்கிழமை வீட்டில் பசை இல்லை. விடைத்தாளை நாலாக மடித்து அப்படியே கொடுத்துவிட்டேன். மேல் மூலையில் சிவப்பு மையில் 36/100 என்று எழுதியிருந்தது.

புதன்கிழமை தோட்டத்து லொறிக்காரர் ஒரு துண்டு கொண்டுவந்தார். 'ஞாயிறு வா. கட்டாயம் வா.' அவ்வளவுதான் பிரான்சிஸ்கா எழுதியிருந்தாள்.

கார்த்திகை மாதம், மழை விடாத காலம். பசறை பஸ்ஸில் போய்ச் சந்தியில் இறங்கி, ஒரு மைல் மேலே ஏறினேன். செருப்புக்குள் இரண்டு அட்டைகள் ஏறிவிட்டன. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே தண்ணீர்ப் பீலியில் குடம் வைத்துக்கொண்டு நின்ற ஒரு அம்மா என்னைக் கண்டதும் குடத்தை விட்டுவிட்டு வந்தார். பிரான்சி வீட்டுக்குப் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் இராக்கம்மா.

"நம்ம டீச்சருக்கு மார்க்குப் போட்டவங்க நீங்கதானாம்மா?"

"ஓ."

"முப்பத்தாறாமே! நல்லா இருப்பீங்க." என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

குத்தலாகப் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை.

வீட்டில் கோதுமை ரொட்டியும் சம்பலும் மீன் டின் கறியும் செய்து வைத்திருந்தார்கள். வெலிமடைக் கிழங்கைப் பெரிது பெரிதாக வெட்டிப் போட்டிருந்தது. அடுப்பில் இருந்தது புதுச் சட்டி.

"பயப்படாம சாப்பிடுங்க டீச்சர். மீனுதான். சட்டியும் நேத்துதான் வாங்குனது, வேற எறச்சி ஒன்னும் அதுல ஆக்கல" என்றார் பிரான்சியின் அம்மா, செபஸ்தியம்மா மாமி.

பிரான்சி சுவரோரமாக இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மாமா பாயில் என் எதிரே உட்கார்ந்தார். முகம் கழுவித் தலை சீவி, பூசைக்குப் போன வெள்ளைச் சட்டையை இன்னும் கழற்றாமல் இருந்தார்.

"நீங்க ரொம்பக் கறாரா திருத்துவீங்கன்னு பாப்பா சொல்லுச்சு. அப்படித் திருத்தியே முப்பத்தாறு. கேட்டியா செபஸ்தி?"

"நூறு தடவ கேட்டாச்சு."

"டீச்சருக்குச் சொல்றேன், நீ சும்மா இரு. ஸ்டோர்ல நூறு றாத்தல் பச்சக் கொழுந்து போட்டா எம்புட்டுத் தேயில வரும், சொல்லுங்க பாப்போம்?"

"தெரியாது மாமா."

"இருபத்திரெண்டு. நல்ல வெயிலடிச்சா இருபத்தி மூணு. தெனமும் பலகையில எழுதிப் போடுவாங்க. ஒரு தரம் இருபத்தி நாலுன்னு வந்திச்சு. டீமேக்கர் நம்பல. தராசையே பிரிச்சுப் பாத்தாரு." அவர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார். "பஸ்ஸுல உக்காந்து தாளப் பிரிச்சேன். நூத்துக்கு முப்பத்தாறு. என் பக்கத்துல இருந்த ஆளுகிட்டயே காட்டிட்டேன். அவரு சிங்கள ஆளு, ஒன்னும் புரியல, ஆனா சிரிச்சாரு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிரான்சியைப் பார்த்தேன். அவள் தலை இன்னும் கீழே போனது.

"காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல சொன்னாரு. ஸ்டோர்ல சொன்னாரு. பூச முடிஞ்சு சாமியார்கிட்டயும் சொன்னாரு" என்றார் மாமி.

"சாமியார் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"ஆசீர்வாதம் பண்ணாரு. வேற என்ன பண்ணுவாரு?" என்றார் மாமா. பிறகு என் பக்கம் கொஞ்சம் குனிந்தார். "அது கெடக்கட்டும் டீச்சர். அந்தப் பரீட்சையில எத்தன வந்தா எடுப்பாங்க? முப்பதா?"

நான் பிரான்சியைப் பார்த்தேன். அவள் உதவவில்லை. ரொட்டியைப் பிய்த்தேன். பொய் சொல்லலாம். ஆனால் மனிதர் நேராகக் கேட்கிறார்.

"அம்பது, மாமா."

"அம்பதா?"

"ஓ."

"நூறு றாத்தலுக்கு அம்பது எப்படிங்க வரும்? பாதிக்கு மேல தண்ணி..." அவர் நிறுத்தினார். கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். "இது கொழுந்து இல்லியே" என்று மெல்லச் சொன்னார்.

தகரத்தில் மழை இரைந்தது. மாமி சட்டியை மூடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"புள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாயத் தொறன்னு அப்பவே சொன்னேன்."

"ஏன் பாப்பா நீ சொல்லல?"

"நீங்க சந்தோசமா இருந்தீங்கப்பா" என்றாள் பிரான்சி.

அவர் எழுந்து கை கழுவினார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலைச் சட்டையைப் போட்டார். சாக்கைத் தலைக்கு மடித்துப் போட்டுக்கொண்டு, "நீங்க நல்லாச் சாப்பிடுங்க டீச்சர். எனக்கு வேல இருக்கு" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினார். அவருடைய வேலை தொடங்க இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது என்று மாமி பிறகு சொன்னார்.

பிரான்சியும் நானும் வாசல் படியில் இருந்தோம்.

"நான் பரீட்சைக்குப் போகல ஜெனீ."

"முப்பத்தாறு மோசமில்ல. முதல் தாளை விட ஏழு கூட."

"அதுக்கில்ல. பெயிலாகுறது எனக்குப் பழகிரும். இந்த ஒரு வாரமா லயமே என்னப் பாத்துச் சிரிக்குது, பாசான புள்ளயப் பாத்துச் சிரிக்கிற மாதிரி. பீலிக்குப் போனா மொதல்ல தண்ணி புடிக்கச் சொல்லி எடம் விடுறாங்க. அத எப்படித் தாங்குறது?"

ஆறுதல் சொல்வதில் நான் கெட்டிக்காரி அல்ல. "ஒரு கணக்கு எனக்கு முன்னால செய்" என்றேன். இரசாயனத் தாக்க வேகக் கணக்கு ஒன்றைக் கொடுத்தேன். அவள் மடியில் பலகையை வைத்து எழுதத் தொடங்கினாள்.

அவள் எழுதுவதை நான் அதற்கு முன் கவனித்ததில்லை. முகட்டைப் பார்ப்பாள். உதடு அசையும். பிறகு தபால் முத்திரை அளவு இடத்தில் பென்சிலால் நாலு வரி எழுதுவாள். அதை அழிப்பாள். அழித்த இடத்திலேயே அடுத்த நாலு வரி. அதையும் அழிப்பாள். விடை வந்த பிறகு அதை மட்டும் மையில் எழுதுவாள். ஒரு இடத்தில் அழித்த குறியை மறந்து, கழித்தலைக் கூட்டலாக்கினாள். மீண்டும் முதலிலிருந்து. பத்து நிமிடக் கணக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது.

"ஏன் அழிக்கிற?"

"எடம் வேணுமே."

"தாளில எவ்வளவு இடம் கிடக்கு!"

அவள் தாளைப் பார்த்தாள். பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. "சின்ன வயசுலேருந்து இப்படித்தான். ஒரு கொப்பி வாங்கிக் குடுத்தா மூனு மாசம் வரணும்."

"கம்பஸ்லயும் அழிச்சா?"

"ஆமா. நேரமே பத்தாது. எந்தப் பரீட்சையிலயும் கடைசிக் கேள்விய நான் பாத்ததே இல்ல."

"மேலதிகத் தாள் கேட்டா தருவாங்களே."

"கையத் தூக்கணுமே ஜெனீ" என்றாள்.

அது எனக்கு நன்றாக விளங்கியது. நானும் கை தூக்கியதில்லை. ஆனால் எனக்குச் சின்ன எழுத்து வராது.

அன்று பின்னேரம் வாப்பாவிடம் சாமான் சுற்றும் தாள் கேட்டேன்.

"எத்தின தாள் மகள்?"

"ஒரு ரீம்."

"ஒரு ரீமா? நீ என்ன, போட்டிக் கடை போடப் போறியா?"

பிரான்சிக்கு என்றதும் கட்டி எடுத்து மேசையில் வைத்தார். "பருப்பு சுத்துற தாள்ல பெரிய படிப்பு படிக்கலாமோ?" என்று கேட்டுவிட்டு, அவரே கத்தியால் நாலாக வெட்டித் தந்தார்.

அடுத்த ஞாயிறு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் பரீட்சைக்குப் போகமாட்டேன் என்று சொன்னால் என்ன சொல்வது என்று வழி நெடுக யோசித்தேன். பீலியில் இராக்கம்மா இருந்தார். இந்த முறை கையைப் பிடிக்கவில்லை.

"பெயிலாமே டீச்சர்?"

தாள் கட்டைக் கீழே இறக்கினேன். "யார் சொன்னது?"

"அந்தோனி அண்ணந்தான். பெரட்டுக் களத்துலயே."

மீதியை மாமி சொன்னார். திங்கட்கிழமை விடிய, வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் பெரட்டுக் களத்தில் நின்றபோது மாமா அங்கே வந்தாராம். ஸ்டோர் ஆளுக்குப் பெரட்டில் என்ன வேலை என்று கங்காணி கேட்டாராம்.

"'ஒரு சமாச்சாரத்தத் திருத்தணும்'னாரு. கூடையத் தலையில மாட்டிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டேன். 'நான் சொன்ன கணக்குத் தப்பு. ஸ்டோர்க் கணக்குல பாத்துட்டேன். அம்பது வேணுமாம். என் மக எடுத்தது முப்பத்தாறு'ன்னாரு. 'அப்ப பெயிலா?'ன்னு இவ கேட்டா, இந்த இராக்கம்மா. 'இப்போதைக்குப் பெயிலு'ன்னாரு."

"யாரும் சிரிக்கல்லையா?"

"சிரிக்காம? கங்காணி விழுந்து விழுந்து சிரிச்சாரு. இனிமே அந்தோனிகிட்ட மார்க்குத் தாளையும் குடுக்காதீங்க, மணி என்னன்னும் கேக்காதீங்கன்னாரு. இவரும் சேந்து சிரிச்சிட்டு வந்துட்டாரு. வந்து அன்னைக்குச் சோறு திங்கல."

பிரான்சி இரண்டு நாள் பாடசாலைக்குப் போவதைத் தவிர வெளியே வரவில்லையாம். மூன்றாம் நாள் பீலியில் யாரோ கேட்டார்களாம்.

"இன்னும் எத்தன வேணும் பாப்பா?"

"பதினாலு."

"அம்புட்டுத்தானா? அதுக்கா மூஞ்சத் தூக்கி வச்சிருக்க? தள்ளு, எங்குடம் நெறஞ்சிருச்சு."

அதற்குப் பிறகு ஒருவரும் அவளுக்குப் பீலியில் இடம் விடவில்லை. அதைச் சொல்லும்போது அவள் முகம் லேசாகியிருந்தது. "போறதப் பத்தி இன்னும் முடிவு பண்ணல" என்றாள். ஆனால் தாள் கட்டை வாங்கிக்கொண்டாள்.

நான் நினைத்தது போல உடனே ஏறவில்லை. நாலாவது தாளுக்கு முப்பத்து மூன்று. தாளை விரித்துப் போட்டு எழுதப் பழகாத கை அங்குமிங்கும் அலைந்திருந்தது. திருத்தும்போது நாற்பது என்று போடலாமா என்று யோசித்தேன். இரண்டு இடத்தில் அரைப் புள்ளி கூட்டினேன். பிறகு வெட்டினேன். அதை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"இதுல எனக்கு ரெண்டு தடவ பாவம் பாத்திருக்க."

"வெட்டிட்டனே."

"வெட்டுனதுக்குத்தான் கோபம் வருது" என்றாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்த கையோடு அவள் அழுதாள். மாமி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "போவலன்னா போவாத. ஆனா பரீட்சைக்குக் கட்டிக்கிட்டுப் போவன்னு உன் நீலச் சேலயக் கஞ்சி போட்டு வச்சிட்டேன். கஞ்சிய எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லயம் முழுக்க இப்போது கணக்கு வைத்திருந்தது. பாடசாலை விட்டு அவள் மலைப்பாதையில் ஏறி வரும்போது, மேலே கொழுந்து எடுக்கும் பெண்கள் செடிகளுக்குள்ளிருந்து தலையைத் தூக்கிக் கேட்பார்களாம்.

"இந்த வாரம் எத்தன?"

அவள் கையால் காட்டுவாள். சத்தம் போட அவளுக்கு வராது.

"முப்பத்தி மூனா? கொறஞ்சிருச்சே!"

"மழையில கொழுந்தும் அப்படித்தான்டி. விடு."

ஐந்தாவது நாற்பத்தொன்று. ஆறாவது முப்பத்தெட்டு. மாமா ஒவ்வொரு சனிக்கிழமையும் கடையில் என் முன்னாலேயே தாளைப் பிரிப்பார். ஒட்டிய உறையை நான் விட்டுவிட்டேன். இலக்கத்தைப் பார்ப்பார், ஐம்பதிலிருந்து கழிப்பார், "பன்னெண்டு" என்பார். வாப்பாவும் "பன்னெண்டா" என்பார். பிறகுதான் பருப்பு.

கை தூக்கும் விஷயம்தான் கடைசிவரை பாக்கியிருந்தது. அதற்கு நானே ஒரு வழி செய்தேன். மார்கழி ஞாயிறுகளில் நான் போகும்போது தாள் கட்டு முழுவதையும் மாமியின் மடியில் வைத்தோம். பிரான்சியிடம் இரண்டே தாள். தீர்ந்தால் கை தூக்கிக் கேட்க வேண்டும். கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று மாமியிடம் சொல்லியிருந்தேன்.

மாமி வாசலில் முக்காலியைப் போட்டு, கால் மேல் கால் போட்டு, பரீட்சை மேற்பார்வையாளராக உட்கார்ந்தார். வெற்றிலை போடவில்லை. கடமை நேரம் என்றார்.

முதல் நாள் தாள் தீர்ந்ததும் பிரான்சி தாயைப் பார்த்தாள். மாமி முகட்டைப் பார்த்தார்.

"அம்மா."

"யாரு அம்மா? இங்க அம்மா கிம்மா கெடையாது."

"தாளக் குடும்மா."

"கையத் தூக்குடி."

அவள் காது வரைக்கும் கையைத் தூக்கினாள்.

"அது தல சொறியிற கை. நல்லாத் தூக்கு."

அவள் தூக்கினாள். பக்கத்துக் காம்பராவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் சேர்ந்து கையைத் தூக்கின. மாமி எழுந்து வந்து ஒரு தாளை இரண்டு கையாலும் பிடித்து, வினாத்தாளைப் போலக் கவிழ்த்து அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அவருக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்தாலும் அந்தத் தாளில் எழுத்தே இல்லை, வெறும் தாள்தான். அதைத் திருப்பி வைத்தவள் பிரான்சிதான். ஏன் திருப்பினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்றாம் ஞாயிறு அவள் எழுத்து நிற்காமலே இடது கையைத் தூக்கினாள். அன்று நாற்பத்து மூன்று வந்தது. அதற்கு மேல் பழைய வினாத்தாள்கள் இல்லை. எட்டு நாளில் பரீட்சை.

புறப்படும் நாளில் மாமா வரவில்லை. அடுப்பை விட்டு வர முடியாது. மாமிக்கும் அன்று மலையில் வேலைக்குப் பேர் விழுந்திருந்தது. நான்தான் பதுளை ஸ்டேஷனில் அவளை ஏற்றிவிட்டேன். நீலச் சேலை கஞ்சியில் விறைத்து நின்றது.

"ஏழு கொறையுது ஜெனீ" என்றாள் ஜன்னலுக்குள்ளிருந்து.

"ஓ."

"பாவம் பாத்து ஒன்னும் சொல்ல மாட்டியா?"

"மாட்டேன்."

ரயில் நகர்ந்தது. அவள் கையை நன்றாகத் தூக்கி ஆட்டினாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் திரும்பி வந்தாள். ஸ்டேஷனிலிருந்து அவளோடு நானும் பஸ்ஸில் ஏறினேன். சேலை கசங்கியிருந்தது. விரல் நுனி முழுக்க மை. பரீட்சை எப்படி என்று நான் கேட்கவில்லை, அவள் சொல்லவுமில்லை. ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

சந்தியில் இறங்கி நடந்தோம். மழை இல்லை. வெயில் சாய்ந்து மலை முழுக்க மஞ்சளாக இருந்தது. மேல் மலையில் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இராக்கம்மாவின் குரல்தான் முதலில் வந்தது.

"ஏ பாப்பா! எத்தன வரும்?"

கூடைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. செபஸ்தியம்மா மாமியும் அந்த நிரையில் இருந்தார். அவர் மட்டும் திரும்பவில்லை. கை கொழுந்திலேயே இருந்தது, ஆனால் கிள்ளவில்லை.

பிரான்சி பையைக் கீழே வைத்தாள். கையால் எதையோ காட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் இரண்டு கையையும் வாயருகே குவித்தாள். மூன்று வருடம் பக்கத்தில் இருந்து படித்த எனக்கு அந்தக் குரல் தெரியாது.

"தெரியாது!"

"என்னது?"

"எத்தனன்னு தெரியாது! எல்லாக் கேள்வியும் எழுதிட்டேன்! கடைசிக் கேள்வி வரைக்கும்!"

கங்காணி எங்கிருந்தோ கத்தினார்.

"எழுதியாச்சுல்ல? அப்ப கொழுந்தப் பாருங்கடி!"

மாமி அப்போதுதான் திரும்பினார். கூடையின் நெற்றிக் கயிற்றை மேலே தள்ளிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"வழியில எதாச்சும் தின்னியாடி?"

"இல்லம்மா!" என்று பிரான்சி கத்தினாள். "பசிக்குது!"